சின்ன மாமியை எழுதியவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரு பஸ் ட்ரிப் போனால், அவிசாவளை தாண்டுவதற்குள் பின் சீட்டில் யாராவது றபானைத் தட்டத் தொடங்கிவிடுவார். முதலில் இரண்டு சிங்கள பைலா. அடுத்தது சுராங்கனி. அதற்கடுத்தது சின்ன மாமியே. இந்த வரிசையை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அப்படித்தான் வரும். கொட்டாஞ்சேனையில் ஏறியவருக்கும் தெரியும், வெள்ளவத்தையில் ஏறியவருக்கும் தெரியும், மருதானையில் ஏறிய எங்கள் ஆட்களுக்கும் தெரியும். தமிழ் விளங்காத ட்ரைவர் ஐயாவுக்கும் பாதி தெரியும்.

பாடி முடிந்த பிறகு, "இது யாருடைய பாட்டு?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று பதில் வரும். ஒன்று, சிலோன் மனோகர். இரண்டு, ஏதோ பழைய இந்தியப் படப் பாட்டு. மூன்று, "அது யாரோ பாடினது, நாட்டுப் பாட்டுத்தானே."

மூன்றும் பிழை. சின்ன மாமியே பாட்டை எழுதி, மெட்டும் போட்டு, தானே பாடியவர் நித்தி கனகரத்தினம். யாழ்ப்பாணம் உரும்பிராயைச் சேர்ந்தவர். 1960களில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்த காலத்தில் சக மாணவர்கள் மத்தியில் பாடத் தொடங்கியவர். கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்ற பாட்டும் அவருடையதுதான். பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். ஈழத்துத் தமிழ் பொப் இசையின் முன்னோடி என்று விஷயம் தெரிந்தவர்கள் அவரைச் சொல்வார்கள். மற்றவர்கள் பாட்டைச் சொல்வார்கள், அவரைச் சொல்ல மாட்டார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், அண்மையில் கைக்குக் கிடைத்த ஒரு பாடசாலை விழா நிகழ்ச்சி நிரல். எந்தப் பாடசாலை என்பது இங்கே தேவையில்லை, எந்தப் பாடசாலையிலும் இது நடக்கலாம். அதில் இப்படி இருந்தது: "கிராமியப் பாடல், சின்ன மாமியே. இயற்றியவர்: அறியப்படவில்லை." அறியப்படவில்லையாம்! போனில் இரண்டு நிமிடம் தேடியிருந்தால் அறியப்பட்டிருக்கும். பிரதம அதிதியின் பட்டங்கள் மட்டும் அதே தாளில் மூன்று வரிக்கு இருந்தன.

இது சின்ன விஷயம் என்று சிலர் சொல்லக்கூடும். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறோம்.

நாட்டார் பாடல் என்பது ஒரு மரியாதையான சொல். வயலில் நின்ற பெண்ணும், தோணியில் போன மீனவரும், பிள்ளையைத் தாலாட்டிய மூத்தம்மாவும் பாடியவை அவை. அவர்களுடைய பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை, எழுதி வைக்க அன்று ஆளில்லை. கிழக்கில் எங்கள் முஸ்லிம் பெண்களும் ஆண்களும் பாடிய கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடிச் சேகரித்திருக்காவிட்டால் பாட்டுகளே மிஞ்சியிருக்காது, பெயருக்கு எங்கே போவது. அந்தக் கவிகளுக்குக் கீழே "ஆசிரியர் தெரியாது" என்று எழுதுவது நேர்மையான செயல்.

ஆனால் நித்தி கனகரத்தினம் அந்தக் காலத்து ஆளில்லை. அச்சகம் இருந்தது, ரேடியோ இருந்தது, டேப் ரெக்கோடர் இருந்தது. அவரை மேடையில் பார்த்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்றும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் பாட்டை நாட்டார் பாட்டு என்று சொல்வது, பாராட்டு மாதிரி இருந்தாலும் பறிப்புத்தான். பெயர் தெரியாத பாட்டு வேறு, பெயரைக் கேட்காமல் விட்ட பாட்டு வேறு.

"பாட்டு மக்களுக்குச் சொந்தமாகிவிட்டது, பாடகருக்கு அதைவிடப் பெரிய வெற்றி என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. மக்களுக்குச் சொந்தமாகட்டும், எல்லோரும் பாடட்டும், றபானில் தட்டட்டும், வார்த்தையை மாற்றியும் பாடட்டும். ஒரு பாட்டு உயிரோடு இருப்பது அப்படித்தான். அதற்கும் பெயரை அழிப்பதற்கும் என்ன தொடர்பு? திருக்குறள் எல்லோருக்கும் சொந்தம். அதற்காக வள்ளுவர் பெயரை எடுத்துவிட்டா படிப்பிக்கிறோம்?

இந்த இடத்தில் எங்கள் சமூகத்து வாசகர்களிடம் ஒரு வார்த்தை. "சேர், நீங்களும் பாட்டைப் பற்றியா எழுதுகிறீர்கள்?" என்று இன்பொக்ஸில் கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இசை பற்றிய மார்க்கச் சட்டம் பேசுவது ஆலிம்களின் வேலை, அதில் நாங்கள் கை வைக்கவில்லை. நாங்கள் பேசுவது அமானிதத்தைப் பற்றி. ஒரு ஹதீஸை எடுத்தால், "யார் யாரிடம் கேட்டு அறிவித்தார்" என்று ஸனதைப் பார்க்காமல் நாம் நகர்வதில்லை. சொன்னவர் பெயர் விடுபட்டால் அது பலவீனம் என்று நம் முன்னோர் கருதினார்கள். பாட்டை ஹதீஸோடு ஒப்பிடவில்லை, அஸ்தஃபிருல்லாஹ். சொல்ல வந்தது இவ்வளவுதான்: "யார் சொன்னது?" என்று கேட்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

நம் வீட்டுக்குள்ளேயே இதே குறை இருக்கிறது. நாகூர் ஹனீபாவின் குரல் கேட்காத முஸ்லிம் வீடு கொழும்பில் இல்லை. வாப்பாமார் நோன்பு காலத்தில் அந்தக் கசெட்டைப் போட்டுவிட்டுத்தான் கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுப்பார்கள். அந்தப் பாடல்களில் பலவற்றை எழுதிய கவிஞர் ஆபிதீனின் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்? குரல் நினைவில் நிற்கிறது, பேனா மறைந்து போகிறது.

நித்தி கனகரத்தினத்தின் விஷயத்தில் பேனாவும் அவருடையது, குரலும் அவருடையது. அப்படியிருந்தும் பெயர் தொலைந்தது என்றால், அது எப்படி நடந்தது என்று பார்க்கத்தான் வேண்டும்.

ஒரு காரணம் ஏ. ஈ. மனோகரன். அவரைக் குற்றம் சொல்ல வரவில்லை. பொப்பிசைச் சக்கரவர்த்தி என்ற பட்டம் அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை. மேடையில் அவர் நின்றால் கூட்டம் இருக்கையில் இருக்காது என்று அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள். சுராங்கனியைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர் அவர். பிறகு அது தமிழ்நாட்டில் 1977இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படம் வரைக்கும் போனது. சினிமாவில் வில்லனாகவும் நடித்து, சிலோன் மனோகர் என்ற பெயரோடு சென்னையிலேயே வாழ்ந்து 2018 ஜனவரியில் காலமானார். இவ்வளவு பெரிய புகழ் ஒருவருக்கு இருந்தால், அந்தக் காலத்து இலங்கைப் பாட்டு எல்லாமே அவர் பெயருக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். யூடியூபில் சின்ன மாமியே என்று தேடுங்கள், மனோகரன் பெயரிலும் வரும். அவர் பாடியிருக்கலாம், பாடியதில் தவறில்லை. பாடியவர் ஒருவர், படைத்தவர் ஒருவர். பதிவேற்றும் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

இன்னொரு காரணம், படித்தவர்களின் அலட்சியம். பொப் பாட்டு என்றால் கூத்தடிப்பு, மலிவு, குடிகாரப் பாட்டு என்ற எண்ணம் நம் தமிழ் ஆசிரியர்களிடம் நீண்ட காலம் இருந்தது. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு நாட்டார் பாடல் பாடம் இருந்தது, மெல்லிசை பற்றி ஓரிரு வரி இருந்தது, பொப் பற்றி ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் கள்ளுக்கடைப் பாட்டு குடிக்கச் சொல்லும் பாட்டே இல்லை. அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று கெஞ்சும் பாட்டு. உள்ளதைச் சொன்னால், ஒரு மௌலவி அரை மணி நேரம் சொல்வதை அது மூன்று நிமிடத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிடுகிறது. (மௌலவிமார் கோபிக்க வேண்டாம், நாங்களும் நாற்பது நிமிடப் பாட ஆட்கள்தான்.)

சின்ன மாமியேயின் சிறப்பு என்ன என்று வகுப்பில் பார்த்தோம். அதில் உவமை இல்லை, வர்ணனை இல்லை. ஓர் இளைஞன் மாமியிடம் அவளுடைய மகளைப் பற்றி விசாரிக்கிறான், மாமி மறுமொழி சொல்கிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த விசாரிப்புக்குள் யாழ்ப்பாணத்து முற்றம் முழுவதும் இருக்கிறது: யார் எங்கே போனது என்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு, எதை நேரே கேட்கலாம், எதைச் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும் என்பதெல்லாம். வானொலியும் பாடப் புத்தகமும் செந்தமிழில் பேசிக்கொண்டிருந்த நாளில், வீட்டில் பேசும் தமிழை அப்படியே எடுத்து மைக்குக்கு முன்னால் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

தரம் ஒன்பது பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தோம். பாட்டில் மாமியும் இளைஞனும்தான் பேசுகிறார்கள், பேச்சுக்குக் காரணமான மகள் பேசவில்லை. அவள் பேசினால் என்ன சொல்வாள், உங்கள் வீட்டுத் தமிழில் எழுதுங்கள் என்றோம். ஒரு பிள்ளை எழுதியது: "உம்மா, நான் டியூஷன் போன எண்டு சொல்லுங்க. எந்த டியூஷன் எண்டு மட்டும் சொல்லிராதீங்க." வகுப்பு சிரித்து அடங்கப் பத்து நிமிடம் எடுத்தது. மொழி வழக்கு என்ற பாடத்தை நாங்கள் அதற்குப் பிறகு விளக்கத் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்து மாமி கொழும்பு உம்மாவாக மாறியிருந்தாள். பாட்டு நின்ற இடத்தில் நிற்காமல் நம் வீட்டுக்கும் வந்தது. கொப்பியில் மேலே "நித்தி கனகரத்தினத்தின் பாடலைத் தழுவியது" என்று எழுதச் சொன்னோம். எல்லாப் பிள்ளைகளும் எழுதினார்கள். ஒரு வரி, அரை நிமிட வேலை.

இந்தப் பாட்டில் நமக்கும் பங்கு உண்டு என்று சொல்ல இன்னொரு காரணம் அதன் தாளம். அது பைலாத் தாளம், ஆறெட்டு. போர்த்துக்கேயர் காலத்தில் அவர்களோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கர்களோடும் வந்து இறங்கியது. மட்டக்களப்புப் பறங்கியரிடம் கஃப்ரிஞ்ஞாவாக இருந்தது. புத்தளம் சிரம்பியடியில் காப்பிரி இன மக்களிடம் இன்றும் இருக்கிறது. சிங்களத்தில் வொலி பஸ்தியான் என்ற பொலிஸ்காரர் அதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனார். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சாந்த லூசியாள் பேராலயத்துப் பக்கம் பெருநாள் காலத்தில் ஒரு கலியாண வீட்டைக் கடந்து நடந்தால் கால் தானாகவே அந்தத் தாளத்துக்கு வரும். வெசாக் காலத்தில் எங்கும் கேட்கும் பக்திப் பாடல்களின் குரல், சேலத்தில் பிறந்த மொஹிதீன் பெய்க்கின் குரல். இந்த நாட்டு இசை இப்படித்தான் ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. சின்ன மாமியே பாட்டு முளைத்ததும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் அம்பாறை மண்ணில்தான்.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். சிங்கள நண்பர் ஒருவரிடம் பைலா பற்றிக் கேட்டால், வொலி பஸ்தியானின் பெயரை மரியாதையோடு சொல்வார், எம். எஸ். பெர்னாண்டோவின் பெயரைச் சொல்வார். அவர்களுக்கு ஆட்களைத் தெரியும். நமக்குப் பாட்டு மட்டும் தெரியும்.

பெயர் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் பெரிய உதாரணம் தென்னாபிரிக்காவின் சொலமன் லிண்டா. 1939இல் ஜோஹனஸ்பேர்க்கில் 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். ம்பூபே என்றால் ஸூலு மொழியில் சிங்கம். உரிமையை வெறும் 10 ஷில்லிங்குக்கு விற்றார். அந்த இசைத்தட்டு அமெரிக்கா போனது. அங்கே அதை ஆபிரிக்க நாட்டுப் பாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். 1961இல் 'த டோக்கன்ஸ்' குழு வேறு சொற்களோடு பாடியது உலகமெங்கும் பரவியது. 1994இல் 'த லயன் கிங்' படத்தில் நம் பிள்ளைகளும் கேட்ட அந்தச் சிங்கப் பாட்டு அதுதான். லிண்டா 1962இல் ஏழையாகவே இறந்தார். ரியான் மாலன் என்ற ஊடகவியலாளர் 2000ஆம் ஆண்டில் இந்தக் கதையை விரிவாக எழுதினார், பிறகு வழக்கு நடந்தது, 2006இல்தான் அவருடைய மகள்மாருக்கு ஒரு தீர்வு கிடைத்தது. "நாட்டுப் பாட்டுத்தானே" என்ற ஒரு சொல் எத்தனை வருடத்தைத் தின்றிருக்கிறது பாருங்கள்.

நமது நாட்டுச் சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளிக்குப் பணம் சார்ந்த உரிமையை மட்டும் கொடுக்கவில்லை, தன் படைப்பில் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. பாதுகாப்பு அவருடைய ஆயுள் காலத்துக்கும், அதற்குப் பின் 70 வருடத்துக்கும் உண்டு. நாட்டார் வழக்காறுகளுக்கு அதே சட்டத்தில் வேறு பிரிவு இருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கே இரண்டும் வேறு என்று தெரிந்திருக்கிறது.

பெயரை மீட்பது சுலபமான பாதி. மற்றப் பாதி கஷ்டமானது. அது ஒலிப்பதிவுகள்.

எழுத்தாளரின் புத்தகம் தொலைந்தால் இன்னொரு பிரதி எங்காவது இருக்கும். நம் பொப் பாடகர்களின் நிலை அப்படியில்லை. மேடையில் பாடியது மேடையோடு போனது. இசைத்தட்டில் வந்தவை குறைவு. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து வீட்டுக்கு வீடு கசெட் ரெக்கோடர் வந்த பிறகு, ஒருவர் வைத்திருந்ததை மற்றவர் பிரதி எடுத்து, அதை இன்னொருவர் பிரதி எடுத்து, கடைசியில் உறையில் "பொப் பாடல்கள், ஏ பக்கம், பி பக்கம்" என்று மட்டும் எழுதிய கசெட்டுகளாக அவை கொழும்பெங்கும் பரவின. பெயர் காணாமல் போன இடம் அந்த உறைதான் என்பது எங்கள் எண்ணம். பாடியவர் பெயரை எழுத அந்த உறையில் இடமிருந்தது. யாரும் எழுதவில்லை.

1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது, தளபாடமும் நகையும் மட்டுமா எரிந்தன? அலுமாரியில் இருந்த இசைத்தட்டும் எரிந்தது, குடும்பப் படங்களும் எரிந்தன. அதற்கு இரண்டு வருடம் முன்பு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் வரை எரிந்ததைச் சொல்வதற்கு ஒரு தொகையாவது இருக்கிறது. வீடுகளில் எரிந்த பாட்டுகளுக்குக் கணக்கே இல்லை. மிஞ்சியவர்கள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் போனபோது சூட்கேசில் எதை வைப்பார்கள்? பாஸ்போட்டை வைப்பார்கள், பிறப்புச் சான்றிதழை வைப்பார்கள். கசெட்டை யார் வைப்பார்.

அப்படியும் மிஞ்சியவற்றுக்கு இப்போது எதிரி கடற்காற்று. காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருக்கும் வீடுகளில் இரும்பு அலுமாரியே துருப்பிடிக்கிறது, நாடா என்ன செய்யும்? பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், மேல்பூச்சு உதிரும். யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பாளர்களின் சர்வதேச அமைப்பான ஐயாசாவும் சேர்ந்து 2019இலேயே ஓர் எச்சரிக்கை விட்டன. காந்த நாடாக்களை 2025ஆம் ஆண்டளவில் டிஜிட்டலுக்கு மாற்றாவிட்டால் பலவற்றை மீட்க முடியாமல் போகலாம் என்பதே அதன் சாரம். நாடா கெட்டுப் போவது மட்டும் காரணமில்லை. போட்டுக் கேட்க மெஷின் இல்லை, மெஷின் இருந்தால் பாகம் இல்லை, பாகம் இருந்தால் திருத்த ஆளில்லை. புறக்கோட்டையில் கசெட் ரெக்கோடர் திருத்தும் ஒரு நானாவைத் தேடிப் பாருங்கள், நாங்கள் சொல்வது விளங்கும்.

வேறு நாட்டில் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் வூடி கத்ரி என்று ஒரு பாட்டுக்காரர் இருந்தார். ஊர் ஊராய்த் திரிந்து சாதாரண சனங்களின் பேச்சு மொழியில் பாட்டுக் கட்டியவர். 1940இல் அலன் லோமெக்ஸ் என்பவர் அவரை வாஷிங்டனுக்கு அழைத்து, காங்கிரஸ் நூலகத்துக்காக மணிக்கணக்கில் பாடவும் பேசவும் வைத்துப் பதிவு செய்தார். பாட்டு எப்படி வந்தது, யாரிடம் கேட்டது, எந்த ஊர் என்று எல்லாம் அவர் வாயாலேயே. பிறகு நியூயோர்க்கில் மோசஸ் ஆஷ் என்பவர் 1948இல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி இப்படியான பாடகர்களை வெளியிட்டார். அவர் இறந்த பிறகு ஸ்மித்சோனியன் நிறுவனம் 1987இல் அதைப் பொறுப்பேற்றபோது, விற்றாலும் விற்காவிட்டாலும் அதில் உள்ள 2,000க்கும் மேற்பட்ட வெளியீடுகளில் ஒன்றைக்கூடக் கிடைக்காமல் செய்யக்கூடாது என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையை நாங்கள் இரண்டு தரம் வாசித்தோம். விற்காத பாட்டையும் வைத்திருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார், ஒரு நிறுவனம் ஒத்துக்கொண்டும் இருக்கிறது!

நமக்கு ஸ்மித்சோனியன் இல்லை. ஆனால் 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் நிறுவனம் இருக்கிறது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் இலவசமாக வாசிக்க வைத்தவர்கள், ஒலி ஆவணங்களையும் சேர்க்கிறார்கள். வானொலியில் வந்தவை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் தேட வேண்டியவை. அதற்கு மேல் இருப்பது நம் வீட்டு அலுமாரிகள்தான்.

ஆகவே கேட்பது இதுதான். உங்கள் வாப்பாவின், அப்பாவின், பெரியப்பாவின் கசெட் பெட்டி பரணில் இருந்தால், பழைய பேப்பர்காரருக்குக் கொடுக்க முன் திறந்து பாருங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ரெக்கோடரில் போடவே வேண்டாம், அது மெஷினையும் கெடுக்கும், மற்றக் கசெட்டுகளுக்கும் பரவும். தனியாக ஒரு பையில் வையுங்கள். சுத்தமாக இருப்பவற்றை முதலில் ஒரு பென்சிலால் மெதுவாகச் சுற்றி நாடாவின் தளர்வை நீக்கிவிட்டுப் போடுங்கள். கம்பியூட்டரில் பதியும்போது எம்பி3 ஆக வேண்டாம், வேவ் கோப்பாகப் பதியுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி எடுக்கும், ஒரு பென்ட்ரைவில் அடங்கும். இரைச்சலை நீக்குகிறோம் என்று எடிட் பண்ணாதீர்கள். இடையில் கேட்கும் கைதட்டலும் அறிவிப்பாளரின் குரலும்தான் எந்த மேடை, எந்த வருடம் என்று சொல்லும். பதிந்த பிறகு மூலக் கசெட்டை வீசவும் வேண்டாம்.

கசெட் இல்லாதவர்களிடம் ஞாபகம் இருக்கும். 60 தாண்டிய உங்கள் வீட்டு மனிதரை உட்கார வைத்து, போனில் ரெக்கோட் பட்டனை அமத்திவிட்டுக் கேளுங்கள். நித்தியை எந்த மண்டபத்தில் பார்த்தீர்கள்? கூட யார் கிற்றார் வாசித்தது? டிக்கெட் எவ்வளவு? வீட்டில் ஏசினார்களா? (ஏசியிருப்பார்கள்.) பத்து நிமிடம் போதும். பேசியவர் பெயர், ஊர், பதிந்த திகதி மூன்றையும் அந்தக் கோப்பின் பெயரிலேயே போட்டுவிடுங்கள்.

சக ஆசிரியர்களுக்கு: அடுத்த தமிழ்மொழித் தினத்துக்கோ பரிசளிப்பு விழாவுக்கோ நிகழ்ச்சி நிரல் அடிக்கும்போது, பாட்டுக்குப் பக்கத்தில் எழுதியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் என்று இரண்டு இடம் விடுங்கள். உண்மையிலேயே தெரியாதவற்றுக்கு "தெரியாது" என்று போடலாம், தேடிப் பார்த்த பிறகு. யூடியூபில் பாட்டை ஏற்றி வைத்திருக்கும் தம்பிமாரும் விபரப் பகுதியைத் திறந்து பெயரைத் திருத்திவிடுங்கள், வீடியோவை அழிக்கத் தேவையில்லை.

எங்கள் பாடசாலையில் ஒரு பழைய கசெட் ரெக்கோடர் வேலை செய்யும் நிலையில் இருக்கிறது. ஹெட் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறோம். சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணியிலிருந்து லுஹருக்கு முன்வரை பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரோடு இருப்போம். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் உள்ளவர்கள் கசெட்டைக் கொண்டுவந்தால், உங்கள் கண் முன்னாலேயே பதிந்து, கசெட்டையும் பதிவையும் கையில் தந்துவிடுவோம். காசு வேண்டாம். பென்ட்ரைவ் மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள், உறையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வரும் முன்னர் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.